ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியும் சில பாக்டீரியாக்கள் சாகாமல் இருப்பது எப்படி?

செங்கோட்டைப் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தின் ஆய்வகத்தில் 11 வருஷமாக வேலை பார்க்கிறேன். இங்கே சேரும் பாலில் ஒரு பங்கு புளியரை தாண்டி, ஆரியங்காவு வழியாகக் கொல்லம் பக்கம் போகிறது. நீங்கள் கேட்டிருப்பதைப் பல பேர் என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார்கள், வேறு மாதிரியாக.

போன ஓணத்துக்கு முந்தின வாரம், பாலுக்குத் தேவை ஏறியிருந்த நேரம். கேனோடு வந்த ஒரு அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஏம்மா, அந்தப் பெராக்சைடு மருந்து ஒரு மூடி ஊத்துனா பாலு திரியாதுன்னு சொல்லுதாவளே, நெசமா?”

“ஊத்துனா கேனோட திருப்பி அனுப்பிருவோம் அண்ணாச்சி. சோதனையில நீலமாக் காட்டிக் குடுத்துரும்” என்றேன். பாலில் பெராக்சைடு கலப்பது நம் நாட்டில் கலப்படம். 2023 ஜனவரியில் கேரள எல்லையில், ஆரியங்காவில் நிறுத்தி வைத்த டேங்கர் பால் விவகாரம் இந்தப் பக்கம் எல்லாருக்கும் நினைவிருக்கும். முதல் சோதனையில் பெராக்சைடு இருக்கிறது என்றார்கள், பிறகு இன்னொரு துறையின் சோதனையில் இல்லை என்று வந்தது. பெராக்சைடு பாலில் பெரும்பாலும் நெடுநேரம் நிற்காது. பாலில் இருக்கும் நொதிகளும் பாக்டீரியாக்களும் சேர்ந்து அதைத் தின்று தீர்த்துவிடும். எப்படித் தின்கின்றன என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

அண்ணாச்சியை உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். மடிநோய் வந்த மாட்டின் பாலிலிருந்து வளர்த்த ஸ்டைபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா ஒரு தட்டில் இருந்தது, குண்டூசித் தலை அளவில் பொன்மஞ்சள் புள்ளிகளாக. பல் குத்தும் மரக்குச்சியால் ஒரு புள்ளியைத் தொட்டுக் கண்ணாடி ஸ்லைடில் தடவினேன். (கம்பி வளையத்தால் எடுத்தால் சில சமயம் அந்த உலோகமே பெராக்சைடை உடைத்துப் பொய் நுரை காட்டும். அதனால்தான் மரக்குச்சி.) மேலே 3 சதவீதப் பெராக்சைடு ஒரு சொட்டு. விழுந்த மாத்திரத்தில் சோடா உடைத்ததுபோல நுரைத்துப் பொங்கியது. “கொதிக்குதே!” என்றார்.

அந்தக் குமிழிகள் எல்லாம் ஆக்ஸிஜன். பாக்டீரியாவிடம் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்துவிடுகிறது. 3 சதவீதத்தில் தனியாக மாட்டிய செல் பெரும்பாலும் செத்துப்போகும். கூட்டமாக இருந்தால், வெளி வரிசையில் நிற்பவை உடைக்கிற வேகத்தில் உள்ளே இருப்பவற்றுக்கு உயிர் தப்ப நேரம் கிடைத்துவிடும். அந்தப் பொன் நிறமும் சும்மா அழகுக்கு இல்லை. ஸ்டைபிலோசாந்தின் என்ற நிறமி அது. மாட்டின் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கியதும் அதன் மேல் ஆக்ஸிஜன் நஞ்சுகளைக் கொட்டும். அதைத் தாங்கிக்கொள்ள இந்த நிறமி உதவுகிறது.

சரி, மருந்துக்கடை பாட்டில் வருவதற்கு முன்பே பாக்டீரியாவுக்கு இந்த நொதி எதற்கு? ஆக்ஸிஜனில் வாழும் எந்த செல்லுக்குள்ளும் பெராக்சைடு தானாகவே ஊறிக்கொண்டிருக்கும். செல்லின் சில நொதிகள் எலக்ட்ரானைக் கைமாற்றும்போது, பக்கத்தில் வந்த ஆக்ஸிஜன் ஒன்றிரண்டைத் தட்டிப் பறித்துவிடும். ஓர் எலக்ட்ரான் சேர்ந்தால் சூப்பராக்சைடு, இரண்டு சேர்ந்தால் பெராக்சைடு. குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் நொடிக்கு 10 முதல் 15 மைக்ரோமோலார் வரை இப்படி உண்டாகிறது என்று அளந்திருக்கிறார்கள். ஆனால் செல்லுக்குள் தங்குவது 20 முதல் 50 நானோமோலார்தான் (ஆயிரம் நானோ சேர்ந்தால்தான் ஒரு மைக்ரோ). அவ்வளவு வேகமாகக் கூட்டிப் பெருக்குகிறது. என் கையிலிருந்த 3 சதவீதப் பாட்டிலை அதோடு ஒப்பிட்டால் ஒரு கோடி மடங்குக்கு மேல் வரும்.

கூட்டிப் பெருக்குவதற்கு முறை உண்டு. சூப்பராக்சைடைப் பெராக்சைடாக மாற்ற சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி; 1969இல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்தது. பெராக்சைடு கொஞ்சமாக இருக்கும்போது அல்கைல் ஹைட்ரோபெராக்சைடு ரிடக்டேஸ் என்ற இன்னொரு நொதி பார்த்துக்கொள்ளும். அளவு ஏறினால்தான் கேட்டலேஸ் முன்னால் வரும்.

ஆனால் என்னைக் கேட்டால், சண்டையின் முடிவு இரும்பில்தான் இருக்கிறது. பாடப்புத்தகங்கள் நொதிப் பெயர்களை அடுக்கிவிட்டு இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தம். பெராக்சைடு தன்னளவில் டிஎன்ஏவை அவ்வளவாகத் தொடாது. கட்டில்லாமல் திரியும் இரும்பு அணுவைச் சந்தித்தால்தான் ஹைட்ராக்சில் என்ற வெறிபிடித்த துணுக்கு பிறக்கும். வேதியியலாளர் ஹென்றி ஃபென்டன் 1894இல் எழுதிய வினை இது. ஹைட்ராக்சில் பிறந்த இடத்திலேயே பக்கத்தில் இருப்பதைக் கடித்துவிடும். அதைத் தடுக்க எந்த நொதியாலும் ஓட முடியாது. அதனால் புத்தியுள்ள பாக்டீரியா இரும்பைப் பூட்டி வைக்கிறது. டிபிஎஸ் என்ற புரதம் 12 துண்டுகள் சேர்ந்த ஒரு குட்டிச் சம்புடம் மாதிரி. உள்ளே 500 இரும்பு அணுக்கள் வரை பிடிக்கும். இரும்பை உள்ளே இழுக்கும்போதே பெராக்சைடையும் செலவழித்துவிடும். டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு அதை மூடியும் காக்கும்.

இதற்கெல்லாம் மணியடிப்பது ஆக்ஸி-ஆர் என்ற புரதம். அதில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இரண்டு முக்கிய இடங்களில் உண்டு, 199ஆம் இடத்திலும் 208ஆம் இடத்திலும். பெராக்சைடு கொஞ்சம் ஏறினாலே இரண்டும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும், புரதத்தின் வடிவம் மாறும், மரபணுக்கள் விழிக்கும். கேட்டலேஸ் வரும், டிபிஎஸ் வரும், இரும்பு உள்ளே வரும் வழி குறையும், இரும்புக்குப் பதிலாக நிற்கும் மாங்கனீசு வரும் வழி திறக்கும். 1985இல் புரூஸ் ஏம்ஸ் என்ற விஞ்ஞானியின் குழு, சால்மொனெல்லா என்ற குடல்நோய்க் கிருமிக்குச் சாகாத அளவுக்குக் கொஞ்சமாகப் பெராக்சைடு கொடுத்துப் பார்த்தது. 30 புரதங்கள் புதிதாக ஏறின, அதில் 9 ஆக்ஸி-ஆரின் கையில். அப்படிப் பழகிய செல்கள், பழகாதவற்றைக் கொல்லும் அளவிலும் பிழைத்தன.

இப்போது அண்ணாச்சியின் மூடிக்கு வருவோம். 40 லிட்டர் கேனில் 3 சதவீதப் பெராக்சைடு 10 மில்லி. கணக்குப் போட்டால் 220 மைக்ரோமோலார் வரும். அதிலும் ஒரு பங்கைப் பாலின் லாக்டோபெராக்சிடேஸ் எடுத்துக்கொள்ளும். அந்த நொதி பாலில் இயல்பாக இருக்கும் தயோசயனேட்டோடு பெராக்சைடைச் சேர்த்துக் கிருமியைக் கொஞ்ச நேரம் மயக்கி வைக்கும். அதனால் பால் சில மணி நேரம் தாங்குவது உண்மைதான், அண்ணாச்சியிடம் அதை மறைக்கவில்லை. ஆனால் மயக்கம் தெளிந்தபின் கேனில் எது மிஞ்சக்கூடும்? பெராக்சைடை உடைக்கத் தெரிந்ததும், அதற்குள் பழகிக்கொண்டதும். மடிநோய்க் கிருமியும் சால்மொனெல்லாவும் பெராக்சைடை உடைக்கத் தெரிந்த ஜாதி. பாலைப் புளிக்கவைக்கும் நல்ல கூட்டமும் அடங்கிப்போகும். புளிப்பு ஒன்றுதானே பால் பழசு என்று நமக்குச் சொல்கிற அடையாளம்? அது வராமல் போனால், கெட்ட பால் நல்ல பால் மாதிரியே மணக்கும்.

“அப்ப தோசை மாவுல இருக்கதும் நுரைக்குமோ?” என்றார். நல்ல கேள்வி. என் வீட்டு மாவிலிருந்து வளர்த்த லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவின் தட்டும் அங்கே இருந்தது. அதே மாதிரி புதுக் குச்சி, அதே பெராக்சைடு ஒரு சொட்டு. ஒரு குமிழிகூட வரவில்லை.

இதற்குக் கேட்டலேஸ் இல்லை, சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸும் இல்லை. ஆனாலும் காற்றில் வாழ்கிறது. இரும்பே தேவையில்லாமல் வாழக் கற்றுக்கொண்டதால் ஃபென்டன் வினைக்கு உள்ளே ஆளில்லை. இரும்புக்குப் பதிலாக மாங்கனீசைச் செல்லுக்குள் 20, 30 மில்லிமோலார் வரை குவித்து வைக்கிறது. அந்த மாங்கனீசே சூப்பராக்சைடைத் துடைத்துவிடும். 1981இல் ஃப்ரிடோவிச்சும் ஆர்ச்சிபால்டும் காட்டியது இது. இந்தக் கூட்டத்தை வளர்க்க நாங்கள் இரையாகக் கொடுக்கும் எம்ஆர்எஸ் என்ற ஊடகத்தில் 1960இலிருந்தே லிட்டருக்கு 0.05 கிராம் மாங்கனீசு சல்பேட் உண்டு. டப்பாவின் லேபிளில் அச்சடித்திருக்கும். அண்ணாச்சிக்கு அந்த வரியைத்தான் கடைசியில் படித்துக் காட்டினேன்.