பையன் கையில் அட்டை

அன்புள்ள ஐயா,
பள்ளிக்கரணையில் வசிக்கிறோம். சதுப்பு நிலத்தைக் காக்கச் சொல்லி எங்கள் குடியிருப்புப் பெற்றோர் சேர்ந்து மனிதச் சங்கிலி நடத்துகிறோம். எட்டு வயது மகனும் வருவான். இப்போதெல்லாம் மழை பெய்தால், “2015 மாதிரி வருமாம்மா?” என்று தூங்காமல் கிடக்கிறான். அவனைக் கூட்டிப்போவது தவறா? ஏசி பூமியை இன்னும் சூடாக்குமே, வாங்குவதா வேண்டாமா என்று வீட்டில் சண்டை வேறு. இப்படிச் சூடாகும் பூமியில் இரண்டாவது பிள்ளை பெறுவதே குற்றம் என்கிறாள் தோழி.
ச.

அன்புள்ள ச.,

ஏசி வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் மே மாதம் இருந்தவன் வேறெதுவும் சொல்ல மாட்டான். தோழியிடம் வேறு ஏதாவது பேசுங்கள்.

பையன் விஷயம்தான் என்னை உறுத்துகிறது. 2015 டிசம்பரில் அவன் பிறக்கவே இல்லை. அந்த வெள்ளம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை வழியாக அவனிடம் வந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் ‘என் எதிர்காலத்தைத் திருடாதே’ என்ற அட்டையோடு நிற்கிறான். எழுத்து உங்களுடையது. அவன் பார்ப்பது சோளப்பொரி வண்டியை.

சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது, சரி. அதன் எல்லை எந்தெந்த சர்வே எண்களில் போகிறது என்று உங்கள் குழுவில் யாருக்காவது தெரியுமா? உங்கள் குடியிருப்பு நிற்கும் இடம் பழைய வருவாய்ப் பதிவேட்டில் என்னவாக இருந்தது? இதைத் தேடாமல் பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவது எனக்குக் கோபம்தான் தருகிறது.

பிலிப்பைன்ஸில் ஓபோசா என்ற வழக்கறிஞர், மரம் வெட்டும் உரிமங்களை ரத்து செய்யக் கோரித் தன் பிள்ளைகள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெயரில் வழக்குப் போட்டார். இனிப் பிறக்கப்போகிறவர்களுக்காகவும் வழக்காடலாம் என்று 1993இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. குழந்தைகள் கொடுத்தது பெயரை மட்டும். எவ்வளவு காடு மிச்சம் என்று கணக்கெடுத்து வாதாடியது பெரியவர்கள்.

என் அப்பாவும் அப்படித்தான். எங்கள் கண்மாயின் வரத்துக்கால்வாயை மறித்து ஒருவர் கட்டடம் எழுப்பிவிட்டார். அப்பா திங்கட்கிழமை தோறும் மனுவோடு கிளம்புவார். பள்ளி விடுமுறை என்றால் நானும். சர்வே எண்ணின் கீழ் சிவப்பு மையில் கோடு போடுவார், நகல் எடுப்பார், ரசீதைக் கண்ணருகே வைத்து எண்ணைச் சரிபார்த்து மஞ்சள் பைக்குள் வைப்பார். வரிசையில் இடம் பிடிப்பது மட்டும் என் வேலை. அப்புறம் எதிர்க்கடையில் இரண்டு உளுந்த வடை. கண்மாய் போய்விடும் என்று அவர் என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வடைக்காகத்தான் போனேன், மனு எழுதக் கற்றுக்கொண்டு வந்தேன்.

கால்வாய் திறந்ததா என்பீர்கள். பாதி திறந்தது, அதுவும் அவர் போனபிறகு. மீதிக்கு நான் போன வாரம் கொடுத்த மனுவின் ரசீதில் சர்வே எண்ணைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை போய்த் திருத்த வேண்டும்.