பத்து நிமிடம் புரிந்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,

கணினி அறிவியலில் முதுகலை படிக்கிறேன். எங்கள் துறையில் வாரம் ஒரு தியரி செமினார் உண்டு. போன வாரம் கணக்கீட்டு வடிவியல், அதாவது வடிவங்களைப் பற்றிய கணக்குகளைக் கணினி வழியாகத் தீர்க்கும் துறை. முதல் பத்து நிமிடம் புரிந்தது; அப்புறம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல ஆகிவிட்டது. முன்வரிசையில் ஒரு பேராசிரியரே தூங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வேலைக்கு உதவுகிற எதையாவது படிக்கலாமே?

ஒரு மாணவன்

அன்புள்ள நண்பருக்கு,

பத்து நிமிடம் புரிந்ததென்றால் நல்ல செமினார்தான். அதே கணக்கில் ஊறிய இரண்டு மூன்று பேரைத் தவிர அங்கே மற்றவர்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் புரிந்திருக்கும். நிரூபணத்தை வரிவரியாகப் படிக்கக் கட்டுரை இருக்கிறது. செமினாரில் கிடைப்பது கேள்வி. அது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்திலேயே வந்துவிடும்.

ஓர் உதாரணம். 1973இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஒரு மாநாட்டில், வடிவியலில் சுவாரசியமான கணக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கணிதவியலாளர் விக்டர் க்ளீயிடம் இன்னொரு கணிதவியலாளரான ஹ்வாத்தல் கேட்டார். க்ளீ சொன்னது இது: நடுவில் தூண் இல்லாத, நேரான சுவர்கள் கோணல்மாணலாக மடங்கிப் போகும் ஓர் ஓவியக்கூடம். நின்ற இடத்திலிருந்தே சுற்றிலும் பார்க்கும் காவலர்கள் எத்தனை பேர் இருந்தால் ஒரு மூலைமுடுக்கும் விடுபடாது?

மூலைகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து மிச்சத்தை விட்டுவிடுங்கள். அத்தனை பேர் எப்போதும் போதும் என்று 1975இல் ஹ்வாத்தல் நிரூபித்தார். நிரூபணம் கொஞ்சம் கரடுமுரடு. அதில் திருப்தியில்லாத ஸ்டீவ் ஃபிஸ்க் 1978இல் வெளியிட்டது அரைப் பக்கத்தில் அடங்கும். கூடத்தை மூலைக்கு மூலை கோடு போட்டு முக்கோணங்களாக வெட்டுங்கள். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று நிறமும் வரும்படி மூலைகளுக்கு நிறம் கொடுங்கள். அது எப்போதும் முடியும். எந்த நிறம் குறைவாக வந்திருக்கிறதோ அந்த மூலைகளில் காவலரை நிறுத்துங்கள். ஒவ்வொரு முக்கோணத்திலும் அந்த நிற மூலை ஒன்று இருப்பதால் எதுவும் விடுபடாது. முடிந்தது! ஆப்கானிஸ்தானில் ஒரு பேருந்தில் தூக்கக் கலக்கத்தில் இருந்தபோது இது அவருக்குத் தோன்றியதாம். ஆகவே அந்தப் பேராசிரியரைப் பற்றி அவசரப்பட வேண்டாம்.

கதை அதோடு முடியவில்லை. கையில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட கூடத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டால் கணக்கு முரண்டு பிடிக்கிறது. 2017இல் மூன்று பேர் ஒரு விசித்திரமான கூடத்தை வரைந்து காட்டினார்கள். கட்டம் போட்ட தாளில் வரைந்தால் அதன் மூலைகள் எல்லாம் முழு எண் புள்ளிகளில் இருக்கின்றன, மூன்று காவலர் போதும். ஆனால் அவர்கள் நிற்க வேண்டிய இடத்தைப் பின்னமாக எழுதவே முடியாது! பின்னமாக எழுதக்கூடிய இடத்தில்தான் நிற்பேன் என்று அடம்பிடித்தால் நான்காவது ஆள் தேவை. இதைக் கேட்ட அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

வேலைக்கு உதவுமா என்றால், நேரடியாக உதவாது என்றே சொல்வேன். நோட்டில் கேள்வியை மட்டும் உங்கள் வார்த்தையில் எழுதி, பக்கத்தில் ஒரு படம் போட்டு வையுங்கள். பேசியவரிடம், இது கடினமாகிற மிகச் சின்ன உதாரணம் எது என்று கேளுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். ஐந்தாறு வாரம் போயும் ஒரு கேள்விகூட ஒட்டவில்லையென்றால் தாராளமாக நிறுத்திவிடுங்கள்.