வாசகர் கேட்டவை: ஸ்னோபோர்டு ஏன் ஓட மறுக்கிறது?

கேள்வி: துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியால் என் ஸ்னோபோர்டுக்கு (பனிச்சறுக்குப் பலகை) நானே வாக்ஸ் (மெழுகு) போட்டேன். கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. ஆனால் புளூ மவுண்டன் பனிச்சறுக்கு மலையில் மைனஸ் 18 டிகிரியில் தட்டையான இடம் வந்தாலே நின்றுவிடுகிறது. இன்னும் கொஞ்சம் வாக்ஸ் போடவா?
— டொராண்டோ வாசகர்

பதில்: வேண்டாம். இருப்பதையே எடுக்க வேண்டும். அந்தப் பளபளப்பு, வாக்ஸ் பேஸுக்குள் (போர்டின் பிளாஸ்டிக் அடிப்பரப்பு) இறங்காமல் மேலே படிந்து கிடக்கிறது என்பதற்கு அடையாளம். நன்றாக வாக்ஸ் போட்டு முடித்த பேஸ் பட்டுத்துணி போல மங்கலாகத்தான் மினுங்கும்.

குளிரும் ஒரு காரணம். மைனஸ் 18-இல் பனிப்படிகங்களின் முனைகள் ஊசியாக இருக்கும். மென்மையான வாக்ஸில் அவை குத்திக்கொண்டு போர்டைப் பிடித்து நிறுத்தும். அந்தக் குளிருக்கென்று கடினமான வாக்ஸ் உண்டு. உறையில் போட்டிருக்கும் டிகிரி பனியின் வெப்பநிலையா காற்றின் வெப்பநிலையா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். முதலில் பைண்டிங்கை (பூட்ஸைப் போர்டோடு பிணைக்கும் பிடி) கழற்றுங்கள், அல்லது திருகுகளைத் தளர்த்தியாவது விடுங்கள். இறுகிய திருகோடு சூடு காட்டினால் திருகு இருக்கும் இடங்களில் பேஸ் குழி விழும். நுனியிலிருந்து வால்வரை பிரஷ் போட்டு அழுக்கை எடுத்துவிட்டு, வாக்ஸை அயர்னில் உருக்கிச் சொட்டுச்சொட்டாக விட்டு, அயர்னாலேயே பரப்புங்கள். ஒரு போர்டுக்கு 15 முதல் 20 கிராம் தாராளம்.

அயர்ன் சூடு பொது வாக்ஸுக்கு 120 டிகிரி அளவில். கடின வாக்ஸ் 140-க்கு மேலும் கேட்கும். பேஸ் பிளாஸ்டிக்கே ஏறக்குறைய 135-இல் இளகத் தொடங்குகிறதே என்று கேட்கலாம். இடையில் உருகிய வாக்ஸ் இருக்கும்வரை, அயர்ன் நகர்ந்துகொண்டே இருக்கும்வரை பயமில்லை. நின்றால்தான் ஆபத்து. அயர்னுக்குப் பின்னால் ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஈரமான வாக்ஸ் தொடர்ந்து வந்தால் வேகம் சரி. புகை வந்தால் சூடு அதிகம். துணி இஸ்திரிப் பெட்டியில் இதுதான் வம்பு: அடித்தட்டு மெல்லியது, சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், நீராவித் துளைகளில் வாக்ஸ் புகுந்துகொள்ளும். அதையே வைத்திருப்பதானால் வாக்ஸுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். இனி அதில் சட்டை தேய்க்க முடியாது.

பிறகு காத்திருப்பு. அறைச் சூட்டில் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம். அவசரப்பட்டு வெளியே பனியில் வைக்காதீர்கள். ஆறியதும் முதலில் எட்ஜ்களில் (போர்டின் ஓரத்து எஃகு விளிம்பு) ஒட்டியதை ஸ்க்ரேப்பர் மூலையால் எடுங்கள். பிறகு கூரான விளிம்புள்ள பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் நுனியிலிருந்து வால் நோக்கி, எதுவும் உரிந்து வராத அளவுக்குச் சுரண்டுங்கள். போட்டதில் பெரும்பங்கு தரையில்தான் கிடக்கும், வீண் என்று நினைக்க வேண்டாம். கடைசியாக நைலான் பிரஷ், பத்துப் பன்னிரண்டு தடவை, பிறகு குதிரைமுடி பிரஷ். பிரஷ் போட அலுத்துக்கொள்கிறவர்களின் போர்டுதான் மலையில் நிற்கிறது.

கேள்வி: மார்ச் மாதம், மதியத்துக்கு மேல் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் போர்டு திடீரென்று அடங்குகிறது. காலையில் நன்றாக ஓடுகிறது.
— பேர்ன் வாசகர்

பதில்: இழுப்பது தண்ணீர். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிரித்துப் பாருங்கள், விளங்கும். வழவழப்பான பேஸும் உருகும் பனியும் சேர்ந்தால் அதே ஒட்டுதல்தான். நீர் வழிந்தோட பேஸில் நெடுக நுண்ணிய வரிகள் வேண்டும். கடையில் கல் இயந்திரத்தில் அரைத்துப் போட்டுத் தருவார்கள். குளிர்காலத்துக்கு மெல்லிய வரி, வசந்தத்துக்குச் சற்று ஆழமான வரி.

வரி இருந்தும் ஒட்டுகிறதென்றால் அதற்குள் வாக்ஸ் அடைத்திருக்கிறது. பித்தளை பிரஷால் நெடுக்குவாட்டில் கிளறி எடுங்கள். வசந்தப் பனியில் மகரந்தமும் இயந்திர எண்ணெயும் கலந்திருக்கும். மென்மையான வாக்ஸை உருக்கி, ஆறுவதற்குள் சூடாகவே சுரண்டிவிட்டால் சாம்பல் நிறத்தில் அழுக்கு கூடவே வரும். அது வெளுத்து வரும்வரை செய்துவிட்டு உருகும் பனிக்கான வாக்ஸ் போடுங்கள். கரைப்பான் திரவங்களை வழக்கமாக்க வேண்டாம், பேஸைக் காயவைத்துவிடும்.

கேள்வி: எட்ஜ் ஓரமாகக் கறுப்பு பேஸ் வெளுத்து, தொட்டால் சொரசொரக்கிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை வாக்ஸ் போட வேண்டும்?

பதில்: வாக்ஸ் இல்லாமல் ஓட்டியதால் கடினமான பனி உராய்ந்து பிளாஸ்டிக்கை நார்நாராகக் கிளப்பியிருக்கிறது. செயற்கைப் பனியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். திருப்பங்களில் எடை விழுவது எட்ஜ் ஓரத்தில் என்பதால் அங்கேதான் முதலில் தெரியும். லேசாக இருந்தால் நைலான் தேய்ப்புப் பஞ்சால் மெல்லத் தேய்த்து, இரண்டு மூன்று முறை வாக்ஸ் போட்டுச் சுரண்டுங்கள். ஆழமாக இருந்தால் கல் அரைப்புதான்.

சின்டர்டு பேஸ் (பிளாஸ்டிக் தூளை அழுத்திச் செய்தது) வாக்ஸை நிறைய உறிஞ்சும், வேகமும் தரும், ஆனால் இரண்டு மூன்று நாள் ஓட்டத்துக்கு ஒருமுறை கேட்கும். எக்ஸ்ட்ரூடட் பேஸ் (பிளாஸ்டிக்கை உருக்கித் தகடாக்கியது) நான்கைந்து நாள் தாங்கும். எதுவானாலும் நாள் கணக்கைவிட அந்த வெளுப்பையே நம்புங்கள்.

கேள்வி: நண்பர் பழைய ஃபுளோரோ வாக்ஸ் ஒரு பெட்டி தருகிறார். அதுதான் வேகமாமே?

பதில்: ஈரப் பனியில் வேகம் உண்மைதான். ஆனால் அதில் உள்ள ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்குபவை, அயர்னில் எழும் ஆவி நுரையீரலுக்குக் கேடு. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023–24 பருவத்திலிருந்து தன் போட்டிகளில் இதைத் தடை செய்திருக்கிறது. வாங்காதீர்கள். நண்பரும் அதைக் குப்பையில் போடாமல் அபாயக் கழிவு சேகரிப்பில் ஒப்படைக்கட்டும்.

கேள்வி: குல்மார்கில் நான்கு நாள், வாடகை போர்டு. அயர்னெல்லாம் கொண்டுபோக முடியாது.

பதில்: தேய்த்துப் போடும் பேஸ்ட் வாக்ஸ் ஒரு டப்பா, ஒரு தக்கைக் கட்டை போதும். உலர்ந்த பேஸில் மெல்லப் பூசி, தக்கையால் சூடேற அழுத்தித் தேயுங்கள். அரை நாளுக்குத்தான் தாங்கும், மதியம் இன்னொரு தடவை போடுங்கள்.

கேள்வி: ஏப்ரலில் எடுத்து வைத்தால் டிசம்பரில் எட்ஜ் துருப்பிடித்து வருகிறது.

பதில்: காரின் கூரையில் திறந்தபடி கொண்டுவந்தால் சாலை உப்பு எட்ஜில் ஏறும். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். இருக்கும் துருவை ரப்பர்க் கல்லால் எடுத்துவிட்டு, வாக்ஸைத் தடிமனாக, எட்ஜையும் மூடும்படி உருக்கி ஊற்றிச் சுரண்டாமல் அப்படியே வையுங்கள். பைண்டிங் திருகுகளைத் தளர்த்துங்கள். ஹீட்டர் பக்கமோ ஈரமான நிலவறையிலோ வேண்டாம். டிசம்பரில் அந்த வாக்ஸைச் சுரண்டினால் போர்டு தயார்.