அப்பா உட்கார்ந்த நாற்காலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகன் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறான். அங்கே லக்ராஸ் என்றால் ஊரே பித்தாக இருக்கிறது என்கிறான். வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஆண்கள் அணிக்கு ராய் சிம்மன்ஸ் என்பவர் நாற்பது ஆண்டு பயிற்சியாளராக இருந்தாராம். அவருக்குப் பிறகு அதே பெயர் கொண்ட அவருடைய மகன் இருபத்தெட்டு ஆண்டு. கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. வாரிசு அரசியல் என்று நம்மைத்தான் எல்லோரும் ஏசுகிறார்கள்! இன்னொரு குழப்பம்: மகன் சிம்மன்ஸ் ஆறு முறை தேசியப் பட்டம் வென்றார் என்று ஓரிடத்திலும் ஐந்து முறை என்று வேறோரிடத்திலும் இருக்கிறது. எது சரி?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வாரிசுதான், மழுப்ப வேண்டியதில்லை. பெரிய சிம்மன்ஸ் 1931 முதல் 1970 வரை, சின்ன சிம்மன்ஸ் 1971 முதல் 1998 வரை. மகன் அப்பாவின் அணியில் ஆடினார், அப்பாவுக்கு உதவியாளராக இருந்தார், அப்பா எழுந்ததும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியூரில் பெயர் எடுத்துவிட்டு வந்தவர் அல்ல. இன்று ஒரு பெரிய பல்கலைக்கழகம் அப்படி ஒருவரை நியமித்தால் முன்னாள் மாணவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த நாற்காலியில் அன்று என்ன இருந்தது என்றும் பார்க்க வேண்டும். சிரக்யூஸ் அணியை 1916இல் தொடங்கிய லாரி காக்ஸ் நிலத்தோற்றக் கலை கற்பித்த பேராசிரியர். பெரிய சிம்மன்ஸ் குத்துச்சண்டை அணிக்கும் பயிற்சியாளர், கால்பந்துக் குழுவிலும் உதவியாளர். (அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறேன், நம்முடையதை அல்ல.) 1936இல் அவர் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தது குத்துச்சண்டையில். வசந்தம் வந்தால் லக்ராஸ். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு, லக்ராஸுக்கு நாடு தழுவிய போட்டியைத் தொடங்கியதே 1971இல்தான். மகன் பொறுப்பேற்ற ஆண்டும் அதுதான். அதுவரை சாம்பியன் யார் என்பதைக் கல்லூரி லக்ராஸ் சங்கத்தார் கூடித் தீர்மானித்து வந்தார்கள். ஆக, மகனுக்குக் கிடைத்த சொத்து அப்படியொன்றும் பெரிதல்ல.

உட்கார்ந்ததும் வென்றுவிடவும் இல்லை. அந்தத் தேசியப் போட்டிக்குள் சிரக்யூஸ் முதன்முறையாக நுழைந்தது 1979இல். முதல் பட்டம் 1983இல். பன்னிரண்டு பருவங்கள் வெறுங்கையோடு போயின. அந்த 1983 இறுதியாட்டத்திலும் மூன்றாம் பகுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 12-5 என்று முன்னால் இருந்தது. எழுந்து போயிருந்தால் குறை சொல்ல முடியாத நிலவரம். முடிவு 17-16, சிரக்யூஸுக்கு. இன்றைய பல்கலைக்கழகங்கள் ஒரு பயிற்சியாளருக்குப் பன்னிரண்டு ஆண்டு தருமா என்று நினைத்துப் பாருங்கள். அப்பாவின் பெயர் அவருக்கு வாங்கிக் கொடுத்தது வேலையைவிட அந்த அவகாசத்தைத்தான் என்பது என் கணிப்பு.

சரி, அந்த அவகாசத்தை என்ன செய்தார்? சின்ன சிம்மன்ஸ் நுண்கலை படித்தவர், சிற்பி. பயிற்சியாளராக இருந்துகொண்டே சிற்பமும் கற்பித்தவர். இதை ஒரு சுவையான உபரித் தகவலாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அதுதான் ஆளின் மையம் என்று படுகிறது. பொதுவாகப் பயிற்சியாளர் என்றால் பலகையில் அம்புக்குறி போட்டு, இங்கே நில், அங்கே ஓடு என்று பையன்களை வரிசையில் வைப்பவர். இவருடைய அணிகள் அப்படி ஆடவில்லை. ஓட்டமும் துணிச்சலுமாக, கொஞ்சம் திமிராகவே ஆடின. முதுகுக்குப் பின்னாலிருந்து பந்தைக் கொடுத்தால் வேறு எங்கேயும் திட்டு விழும், உட்கார வைப்பார்கள். இங்கே அதற்கு இடம் இருந்தது.

இந்தச் சுதந்திரம் கலைக்கல்லூரியிலிருந்து மட்டும் வந்ததல்ல. லக்ராஸ் ஹௌடெனொசௌனி என்ற வட அமெரிக்கப் பூர்வகுடிக் கூட்டமைப்பு மக்களின் ஆட்டம். படைத்தவன் கொடுத்தது என்றும், நோய் தீர்க்க ஆடுவது என்றும் அவர்கள் கருதுகிறார்கள். அந்தக் கூட்டமைப்பில் ஒன்றான ஓனண்டாகா மக்களின் பூர்வீக நிலத்தில்தான் உங்கள் மகன் படிக்கும் வளாகமே இருக்கிறது. ஹிக்கரி மரத்தைப் பிளந்து, ஆவியில் வேகவைத்து, தலையை வளைத்து, காயவைத்து, வலை பின்னிக் கோல் செய்வது அவர்கள் கைத்தொழில். 1970 வாக்கில் பிளாஸ்டிக் தலை வரும்வரை கல்லூரிப் பையன்கள் பிடித்ததும் மரக்கோல்தான். சின்ன சிம்மன்ஸ் ஆடிய 1957 அணி பத்து ஆட்டங்களில் பத்தையும் வென்றது. அதில் ஜிம் பிரவுன் இருந்தார், பிற்பாடு கால்பந்தில் உலகப்புகழ் பெற்றவர். கோல்கீப்பர் ஓரன் லயன்ஸ், ஓனண்டாகாக்காரர். பின்னாளில் தம் மக்களின் மரபைக் காக்கும் பொறுப்பேற்று ஐ.நா. வரை போய்ப் பேசியவர். அவரும் சிரக்யூஸில் நுண்கலை படித்தவரே. இவர்களோடு ஆடிய ஒருவர் இந்த ஆட்டத்தைப் பணக்காரப் பள்ளிப் பையன்களின் பொழுதுபோக்காக மட்டும் பார்த்திருக்க முடியாது.

பிறகு கெய்ட் சகோதரர்கள் வந்தார்கள். கனடாவின் மேற்குக் கரையில் விக்டோரியா ஊர்க்காரர்கள், இரட்டையர். பனி ஹாக்கி அரங்குகளில் பனி இல்லாத காலத்தில் வெறும் தரையில் ஆடும் பெட்டி லக்ராஸில் வளர்ந்தவர்கள். இடம் குறுகல், நாலு பக்கமும் சுவர், மேலே விழுந்துகொண்டே இருக்கும் எதிராளிகள். அதில் தேறிய கைகளுக்குப் பெரிய புல்வெளி கல்யாண மண்டபம் மாதிரி.

1988 அரையிறுதி, சிரக்யூஸின் உள்ளரங்கம், எதிரே பென்சில்வேனியா பல்கலைக்கழகம். அந்தக் காட்சி இணையத்தில் கிடைக்கிறது, அவசியம் பாருங்கள். பார்ப்பதற்கு முன் ஒரு விதி. லக்ராஸில் கோல் கம்பங்களுக்குப் பின்னாலும் ஆடுகளம் உண்டு. கம்பச் சட்டம் ஆறடிக்கு ஆறடி. அதைச் சுற்றி ஒரு வட்டம். தாக்குபவன் அதற்குள் கால் வைக்கக் கூடாது. இரட்டையரில் ஒருவரான கேரி கெய்ட் கம்பங்களுக்குப் பின்னாலிருந்து ஓடி வருகிறார். வட்டத்தின் விளிம்பில் எம்புகிறார். கால்கள் காற்றில் இருக்கும்போதே மேல்கம்பிக்கு மேலாகத் தன் கைக்கோலை நீட்டி, பந்தை முன்பக்கமாக உள்ளே திணிக்கிறார். கோல்கீப்பர் எந்தப் பக்கம் பார்ப்பார், பாவம். அதே ஆட்டத்தில் இன்னொரு முறையும் செய்தார். பிறகு விதியையே மாற்றி அதைத் தடை செய்தார்கள். கவனியுங்கள், இந்த அதிசயங்களுக்கு நடுவிலும் ஆட்டம் 11-10 என்றுதான் முடிந்தது. அந்த ஆண்டு சிரக்யூஸ் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. 1988, 89, 90 என்று மூன்று பட்டங்கள் தொடர்ந்து வந்தன.

இனி உங்கள் ஆறா ஐந்தா. 1983, 1988, 1989, 1990, 1993, 1995. களத்தில் வென்றது ஆறு. 1990 அணி பதின்மூன்று ஆட்டங்களையும் வென்றது, இறுதியில் லயோலா கல்லூரியை 21-9 என்று நசுக்கியது. சில ஆண்டுகள் கழித்து ஒரு விஷயம் வெளியே வந்தது. இரட்டையரில் மற்றவரான பால் கெய்ட் கார் வாங்கிய கடனுக்கு, பயிற்சியாளர் சிம்மன்ஸின் மனைவி உடன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மாணவ ஆட்டக்காரருக்கு மற்ற மாணவருக்குக் கிடைக்காத சலுகை எதையும் தரக் கூடாது என்பது விதி. என்சிஏஏ அந்தப் பட்டத்தை ரத்து செய்தது. லயோலாவுக்கும் அதைத் தரவில்லை. ஏட்டில் அந்த ஆண்டு காலி.

விதி காரணமில்லாமல் வந்ததல்ல. அண்மைக்காலம் வரை ஓர் ஆண்கள் லக்ராஸ் அணிக்கு அனுமதி 12.6 முழு உதவித்தொகை மட்டுமே. அதை நாற்பதுக்கும் மேற்பட்ட பையன்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் காரும் கடனும் நுழைந்தால் பணக்காரக் கல்லூரி நல்ல ஆட்டக்காரர்களை வளைத்துப் போட்டுவிடும். தொழிலில் இருப்பவர் வீட்டில் இது தெரிந்திருக்க வேண்டும்; தண்டனை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் 2021 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்று வெளிப்படையாகச் சம்பாதிக்கலாம் என்று ஆகிவிட்ட பிறகு, ஒரு கையெழுத்துக்காக வெறுமையாக நிற்கும் அந்த வரியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. என் கணக்கில் ஆறு. அந்த 21 கோல்களை யாரும் கடன் வாங்கிப் போடவில்லை.

சின்ன சிம்மன்ஸ் 1998இல் 290 வெற்றி, 96 தோல்வியோடு ஓய்வு பெற்றார். உங்கள் வாரிசுக் கேள்விக்கு மிச்சமிருக்கும் பதில் இங்கே இருக்கிறது. பேரன், மூன்றாம் ராய் சிம்மன்ஸ், அதே அணியின் பயிற்சிக் குழுவில் இருந்தவர். நாற்காலி அவருக்குப் போகவில்லை. சின்ன சிம்மன்ஸிடம் ஆடி, இருபதாண்டுக்குச் சற்றே குறைய அவருக்கு உதவியாளராக இருந்த ஜான் டெஸ்கோவுக்குப் போனது. அவர் ஐந்து பட்டம் வென்றார். 2021இல் அவர் விலகியதும் வந்தவர் கேரி கெய்ட். அதற்கு முன் அதே பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். நூறாண்டுக்கு மேல் ஆகியும் அவரோடு சேர்த்து ஐந்தே தலைமைப் பயிற்சியாளர்கள்.

பருவம் பிப்ரவரியில், வெளியே பனி கொட்டும்போதே தொடங்கிவிடும். மகனை உள்ளரங்கத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கிப் போகச் சொல்லுங்கள். கோடையில் ஊரில் இருந்தால், நகருக்குத் தெற்கே ஓனண்டாகா மக்களின் அரங்கில் நடக்கும் பெட்டி லக்ராஸையும் பார்க்கட்டும். இரண்டில் எது நல்ல ஆட்டம் என்று அவன் சொல்வதை எனக்கும் எழுதுங்கள். என் ஓட்டு இரண்டாவதற்கு.