குப்பை என்று எழுதாதீர்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் ஐஸ் ஹொக்கிக் கட்டுரைகளை நானும் மகனும் சேர்ந்தே வாசிக்கிறோம். அவனுக்குப் பதினான்கு வயது. தமிழ் வாசிக்கத் தடுமாறுவான், நான் வாசித்துச் சொல்வேன். எங்களுக்குள் ஒரு சண்டை. ஸ்வீடன், பின்லாந்து லீக்குகளில் ஆடும் பையன்களை இங்கே வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எச்.எல். அணிகள் டிராஃப்டில், அதாவது வருடாந்த இளம் வீரர் தேர்வில், எடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் அங்கேயே விட்டுவைக்கின்றன. இது நேர விரயம் என்கிறேன் நான். பதினெட்டு வயதிலேயே இங்கே கூட்டிவந்து, இந்தச் சின்ன அரங்கிலும் முரட்டு ஆட்டத்திலும் பழக்கினால் சீக்கிரம் தேறிவிட மாட்டார்களா? மகன் இல்லை என்கிறான். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எட்மன்ரன் 2016இல் நாலாவதாக எடுத்த புல்யுயார்வி போன்ற குப்பைகளைப் பார்த்துத்தான் அணிகள் பயந்துபோயினவா? கடைசியாக, நம் தமிழ்ப் பிள்ளை ஒன்று என்.எச்.எல். வரைக்கும் எப்போது போகும்?

அன்புடன்,
சு., மார்க்கம்

*

அன்புள்ள சு.,

கடிதங்கள் நிறையக் கிடக்கின்றன. உங்களுடையதை முதலில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. அண்மையில் ரொறொன்ரோ லீஃப்ஸின் கீழ் லீக் அணியான மார்லீஸின் ஆட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, முதல் பீரியடில் ஓரிரு முறை ஐஸில் இறங்கினான். மூன்றாவது பீரியடில் இறங்கவே இல்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். எனக்குப் பின்னால் இருந்தவர், "இவனை எதற்கு எடுத்தார்கள்?" என்று கத்தினார். அன்றிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதமும் அதே குரலில் வந்து நிற்கிறது.

அரங்கின் அளவை முதலில் முடித்துவிடுகிறேன். ஐரோப்பாவின் பழைய அளவு 30 மீட்டர் அகலம், இங்கே 26. மூலைகளில் நேரம் குறைவு, கோலுக்குப் போகும் தூரம் குறைவு. பழக வேண்டும்தான், ஆனால் ஆடத் தெரிந்தவன் அதை ஒரு குளிர்காலத்துக்குள் பழகிக்கொள்வான். இதை வைத்துப் பத்துப் பக்கம் பேசுகிறவர்களோடு எனக்கு விவாதமில்லை. தமிழ்ப் பிள்ளை பற்றிய கேள்வியையும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். அதற்குள் பணம், காலை ஐந்து மணி, கார், பெற்றோர் என்று வேறு விஷயங்கள் இருக்கின்றன.

இனி அந்தக் குப்பை. சு., பதினான்கு வயது மகனுக்கு வாசித்துக் காட்டுகிற மனிதர் நீங்கள். இந்தக் கடிதத்தையும் அவனுக்கு வாசித்துக் காட்டினீர்களா?

யெஸ்ஸே புல்யுயார்வி 2016 ஜனவரியில் ஹெல்சிங்கியில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் ஏழு ஆட்டங்களில் 17 புள்ளிகள் (கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்ந்த கணக்கு) எடுத்தார். பின்லாந்து தங்கம் வென்றது, போட்டியின் சிறந்த வீரர் அவர்தான். ஜூனில் எட்மன்ரன் எடுத்தது. ஒக்டோபரில் என்.எச்.எல். அணியில் இருந்தார். அப்போது பதினெட்டு வயது, ஆங்கிலம் ஏறக்குறைய இல்லை. முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். அந்த சீசனில் என்.எச்.எல்.லில் ஆடியது 28 ஆட்டம், போட்டது அந்த ஒரே கோல். அப்புறம் கீழ் லீக்கில் ஆடும் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடங்களிலும் மேலே கீழே, மேலே கீழே. 2019இல் அவரே வேண்டாம் என்று ஊலுவுக்கு, தன் பழைய கார்பாட் அணிக்குத் திரும்பினார். அங்கே ஒரு சீசன் முழுக்க ஆடிவிட்டு மறுபடி எட்மன்ரன் வந்தபோது, சுருக்கப்பட்ட 2020-21 சீசனில் 15 கோல் போட்டார். பின்னாளில் இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, அதற்குப் பிறகும் பிட்ஸ்பர்க்கில் ஆட வந்த மனிதர். இவரையா குப்பை என்கிறீர்கள்? அந்த முதல் மூன்று வருடம் அவரை அப்படி அலைய விட்டவர்கள் யார் என்று கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

"அப்படியென்றால் ஐரோப்பாவிலேயே விட்டுவைப்பதுதான் சரி என்கிறீர்கள்" என்று உடனே முடிவுக்கு வராதீர்கள். உங்கள் மகன் சொன்னதும் பாதிதான் சரி. இதே பின்லாந்தின் மிக்கோ ரன்ரானென். 2015இல் துர்க்கு நகரத்து டி.பி.எஸ். அணியிலிருந்து கொலராடோ பத்தாவதாக எடுத்தது. அவரும் உடனே வந்தார். ஆனால் ஒருசில ஆட்டங்கள் தவிர அந்த வருடம் முழுக்க சான் அன்ரோனியோவில், என்.எச்.எல்.லுக்கு அடுத்த கீழ் லீக்கான ஏ.எச்.எல்.லில் ஆடினார். 52 ஆட்டத்தில் 60 புள்ளிகள். முதல் லைன், எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளே, கடைசி நிமிடம், எல்லாவற்றிலும் அவர்தான். அடுத்த வருடம் கொலராடோவில் 20 கோல். 2022இல் என்.எச்.எல். பட்டமான ஸ்ரான்லி கோப்பை.

ஒருவர் பின்லாந்து, மற்றவரும் பின்லாந்து. இருவரும் பெரிய உடம்பு, இருவரும் விங்கர், இருவரும் உடனே வந்தவர்கள். வித்தியாசம் எங்கே? ஒருவனுக்கு ஒவ்வொரு இரவும் ஆட்டத்தின் பொறுப்பு கையில் இருந்தது. மற்றவன் இன்றைக்கு நான் இறங்குவேனா மாட்டேனா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். நான் பல வருடமாகச் சொல்லிச் சொல்லி நண்பர்கள் சலித்துப்போன விஷயம் இதுதான். எந்த நாடு, எந்த லீக் என்பது இரண்டாவது கேள்வி. பையன் தப்புச் செய்தாலும் அடுத்த முறை ஐஸில் மறுபடி இறக்குகிற பயிற்சியாளர் எங்கே இருக்கிறாரோ, அங்கேதான் அவன் வளர்வான். அது பேக்கர்ஸ்ஃபீல்டாக இருக்கலாம், சுவீடனின் யோதெபொரியாக இருக்கலாம்.

சுவீடனில் விட்டுவைத்தாலும் இதே ஆபத்து உண்டு. அங்கத்தைய மேல் லீக்கான எஸ்.எச்.எல்.லில் பதினான்கு அணிகள், 52 ஆட்டங்கள், அடியில் முடிக்கிற அணி கீழ் லீக்குக்கு இறங்க வேண்டிவரும். வேலையைக் காப்பாற்ற நினைக்கிற பயிற்சியாளர் முப்பது வயதுக்காரனைத்தான் நம்புவார். பையன் பதின்மூன்றாவது ஃபோர்வேர்டாக உடுப்புப் போட்டுக்கொண்டு நாலு நிமிடம் ஆடுவான். அப்படியானால் அவனைக் கீழே ஆல்ஸ்வென்ஸ்கானுக்கு இரவலாக அனுப்பி இருபது நிமிடம் ஆட வைப்பதே மேல். பெயர் சிறியது என்று அணியும் ரசிகரும் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் எலியாஸ் பெட்டர்சன் 2017இல் ஐந்தாவதாக எடுக்கப்பட்டது அந்தக் கீழ் லீக்கில், திம்ரோவில் ஆடிக்கொண்டுதான். வன்கூவர் அவரை இன்னொரு வருடம் சுவீடனிலேயே விட்டது. வாக்ஷோ அணிக்குப் போய், பெரியவர்களின் லீக்கில் 44 ஆட்டத்தில் 56 புள்ளிகள் எடுத்து முதலிடத்தில் நின்றார். அணி பட்டம் வென்றது. அதற்கடுத்த வருடம் வன்கூவரில் 66 புள்ளிகள், சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது.

ஏன் அணிகள் அவசரப்படுகின்றன என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். கனடிய ஜூனியர் லீக்கிலிருந்து எடுத்த பையனைப் பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஏ.எச்.எல்.லுக்கு அனுப்ப முடியாது என்பது நெடுங்கால ஏற்பாடாக இருந்தது. ஒன்று என்.எச்.எல்., இல்லையென்றால் திரும்ப ஜூனியர். ஐரோப்பிய லீக்கிலிருந்து எடுத்தவனுக்கு அந்தத் தடை கிடையாது. அதனால் அவனைக் கையில் எடுத்துப் பார்க்கிற ஆசை வந்துவிடுகிறது. போதாததற்கு, சுவீடன், பின்லாந்துப் பையன்மீது உரிமை நான்கு வருடம்தான். ரஷ்யாவோடு ஒப்பந்தம் இல்லாததால் அங்கே இந்தக் கெடு இருக்கவில்லை. மினசோட்டா 2015இல் 135ஆவதாக எடுத்த கிரில் கப்ரிசோவ் 2021 ஜனவரியில்தான் முதல் ஆட்டம் ஆடினார். அந்த சீசனிலேயே கால்டர் விருது. காத்திருக்க வேண்டிய கட்டாயம் அந்த அணிக்கு நன்மையாகத்தான் முடிந்தது.

எனக்கு ஒரு சித்தி மகன். பதினேழு வயதில் தனியாக ரொறொன்ரோ வந்தான். ஊரில் அவனுடைய இடதுகைச் சுழல்பந்துக்காகப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பெடியன்கள் பயந்து கிடந்தார்கள். இங்கே வந்து ஸ்கார்பரோவில் ஒரு நிலவறையில் நாலு பேரோடு இருந்தான். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. மனேஜர் என்னிடம் சொன்னார்: "உன் தம்பிக்கு ஆர்வம் இல்லை, முகத்தைத் தூக்கிப் பார்ப்பதே இல்லை." அவன் முகத்தைத் தூக்காததற்குக் காரணம், தூக்கினால் யாராவது ஏதாவது கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும் என்ற பயம். என்னிடமே பேசமாட்டான். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அட்டை வாங்கித் தாயோடு கதைப்பான், அப்போது மட்டும் குரல் வரும். நானும் அவனுக்கு நிறைய அறிவுரை சொன்னேன், ஒன்றும் உள்ளே போகவில்லை.

ஒரு நத்தார் வாரம் சமையலில் ஆள் வரவில்லை. வேறு வழியில்லாமல் இவனை அடுப்பில் நிறுத்தினார்கள். முதல் நாள் இரண்டு தட்டு திரும்பி வந்தது. தலைமைச் சமையல்காரர் ஒரு போர்த்துக்கேயர், அவருக்கும் ஆங்கிலம் குறைவு. திட்டாமல் மறுபடி அவனையே செய்யச் சொன்னார். அடுத்த நாளும் அவனையே நிறுத்தினார். கோடை வருவதற்குள் அந்த அடுப்பு அவனுடையது. பையன் சிரிக்கத் தொடங்கினான், ஆங்கிலம் தானாக வந்தது, சனிக்கிழமைகளில் கிரிக்கெட் ஆடப் போனான். இன்றைக்கு அவனுக்குக் கீழே எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள்.

அந்த மனேஜரின் வாக்கியத்தை நான் ஹொக்கி அறிக்கைகளில் மறுபடி மறுபடி வாசிக்கிறேன். ஆர்வம் குறைவு, உடல்மொழி சரியில்லை, போராடும் குணம் இல்லை. பத்தொன்பது வயதுப் பையன், தாய் சமைத்த சாப்பாட்டை விட்டு வந்து, ஒரு மோட்டலில் தனியாகப் படுத்து, பயிற்சியாளர் பலகையில் வரைந்து வேகமாகச் சொன்னதில் பாதி விளங்காமல், தவறான இடத்தில் போய் நிற்கிறான். அதை யாரோ ஒருவர் குணம் என்று எழுதிவைக்கிறார். இந்த ஊரிலேயே 1973இல் பூர்யே சால்மிங்கைக் கூட்டிவந்தபோது கூடவே ஹம்மர்ஸ்ட்ரோம் என்ற இன்னொரு சுவீடன்காரரையும் கூட்டிவந்தார்கள். சால்மிங்குக்கு அப்போது இருபத்திரண்டு வயது, சுவீடனில் பெரியவர்களோடு ஆடி முடித்த ஆள். அடியும் வசையும் அவருக்கு நிறையக் கிடைத்தன. ஆனால் உடைமாற்றும் அறைக்குத் திரும்பினால் தன் மொழியில் பேச ஒருவர் இருந்தார். ஆளும் முற்றியிருந்தார், துணையும் இருந்தது.

டெட்ரோயிட் இதை மற்ற எல்லோரையும்விட நன்றாக விளங்கிக்கொண்டது. நிக்லாஸ் லீட்ஸ்ட்ரோமை 1989இல் 53ஆவதாக எடுத்து, 1991 வரை வெஸ்தெரோஸில் விட்டார்கள். வந்த முதல் சீசனிலேயே 60 புள்ளிகள். பாவெல் டட்சுக் 1998இல் 171ஆவது. அணியின் ஐரோப்பியத் தேர்வாளர் ஹோகன் அன்டர்சன் வேறொரு பையனைப் பார்க்கப் போன இடத்தில் கண்ணில் பட்டவர். 2001இல்தான் வந்தார். ஹென்ரிக் செத்தர்பெரி 1999இல் 210ஆவது, 2002இல் வந்தார். இந்த மூவரும் 2008இல் கோப்பையைத் தூக்கினார்கள். அதே டெட்ரோயிட் 2019இல் ஆறாவதாக எடுத்த ஜெர்மன் பையன் மோரிட்ஸ் சைடரை என்ன செய்தது பாருங்கள். முதல் வருடம் கிராண்ட் ராப்பிட்ஸில் ஏ.எச்.எல். கொரோனாவால் இங்கே சீசன் தள்ளிப்போனபோது சுவீடனின் ரோக்லேவுக்கு இரவல். அந்த லீக்கின் சிறந்த டிஃபென்ஸ்மன் ஆனார். 2021-22இல் டெட்ரோயிட்டுக்கு வந்து 82 ஆட்டமும் ஆடி, 50 புள்ளிகளோடு கால்டர் விருது. அங்கேயா இங்கேயா என்ற உங்கள் வீட்டுச் சண்டைக்கு அவர் இரண்டு பக்கமும் சாட்சி சொல்வார்.

லீஃப்ஸ் ரசிகரான நீங்கள் உங்கள் அணியையே மறந்துவிட்டீர்கள் என்பதும் எனக்கு வருத்தம். நீலாண்டர் 2015 ஜனவரியில் சுவீடனின் மோடோ அணியிலிருந்து மார்லீஸுக்கு வந்து ஏறக்குறைய முழுக்க அங்கேயே ஒரு வருடத்துக்கு மேல் ஆடினார். அப்போது நகரம் முழுக்கப் பொறுமை இழந்து கிடந்தது. அன்ட்ரேயாஸ் யோன்சனை 2013இல் 202ஆவதாக எடுத்து, மூன்று வருடம் ஃப்ரோலுண்டாவில் விட்டார்கள். அங்கே சுவீடன் பட்டம் வென்றுவிட்டு வந்தார். 2018இல் மார்லீஸ் ஏ.எச்.எல். பட்டமான கால்டர் கோப்பையை வென்றபோது பிளேஓஃபின் சிறந்த வீரர், அடுத்த வருடம் லீஃப்ஸுக்கு 20 கோல். இருவருக்கும் வழி வேறு. இருவரும் ஆடினார்கள், உட்காரவில்லை.

அடுத்த டிராஃப்டில் ஏதாவது சுவீடன் பெயர் வந்தால், மகனும் நீங்களும் கோல் கணக்கை விட்டுவிட்டு, ஓர் ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் என்ற எண்ணைத் தேடுங்கள். பவர் பிளேயில் இருக்கிறானா, பெனால்டியால் அணியில் ஆள் குறையும்போது தடுக்க அனுப்புகிறார்களா, மூன்றாவது பீரியடில் ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது ஐஸில் நிற்கிறானா என்று பாருங்கள். பனிக்காலம் முழுவதும் அந்த ஒரே பையனைத் தொடருங்கள், நாலைந்து பேர் வேண்டாம். பார்த்ததை மகன் எனக்கு எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை, நீங்கள் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள்.