கழிவுத் தெர்மாகோலில் எடை குறைந்த செங்கல் செய்ய முடியுமா?

டிவி, ஃப்ரிட்ஜ் பெட்டிகளில் வரும் தெர்மாகோலை உதிர்த்துச் செங்கல் செய்யலாமா, அது சுமை தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம், ஆனால் கூரைச் சுமை ஏறாத தடுப்புச் சுவருக்கு மட்டும்.

தெர்மாகோலின் கன அளவில் சுமார் 98 சதவீதம் காற்றுதான். உருக்கினால் அந்தக் காற்று போய்விடும், எடை குறைவு என்ற பயனும் கூடவே போய்விடும். அதனால் உருக்காமல் மணிமணியாக உதிர்த்து, சிமென்ட், மணல், ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) கலவையில் சேர்க்கிறார்கள்.

சிக்கலே கலக்குவதில்தான். மணிகளில் தண்ணீர் ஒட்டாது, எடையும் இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் மணிகள் மிதந்து மேலே வந்துவிடும். அச்சைக் கழற்றிப் பார்த்தால் அடியில் வெறும் சிமென்ட், மேலே விரலால் தேய்த்தாலே உதிரும் மணிகள். இதைத் தவிர்க்க, முதலில் மணிகளைக் கெட்டியான சிமென்ட் பாலில் புரட்டுங்கள். ஒவ்வொரு மணிமேலும் சாம்பல் நிறப் பூச்சு ஏறியதும் மணலைச் சேர்த்துவிடுங்கள். கலவை தளர்வாக இருக்கக் கூடாது. அச்சில் கலவையை இறுக்கும் அதிர்வு இயந்திரத்தை அதிக நேரம் ஓட்டினாலும் மணி மேலே ஏறிவிடும்.

கன மீட்டருக்கு 800 கிலோ என்ற கணக்கில் வார்த்தால், 19×9×9 செ.மீ. கல் ஏறக்குறைய 1.2 கிலோ வரும். அதே அளவு சுட்ட செங்கல் 3 கிலோ பக்கம். வெயில் சூட்டையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் மணி கூடக் கூட வலிமை வேகமாக இறங்கும். கூரைச் சுமை ஏறும் சுவருக்கு வேண்டவே வேண்டாம்.

அப்புறம் தீ. தெர்மாகோல் 100 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே இளகிவிடும், எரிந்தால் கரும்புகை கிளம்பும். அதனால் இருபுறமும் சிமென்ட் பூச்சு கட்டாயம். தின்னர் பட்டாலும் கரையும். பூசாத கல்மேல் தின்னர் கலந்த பெயின்ட் அடிக்காதீர்கள். உதிர்க்கும் வேலையை மூடிய இடத்தில் செய்யுங்கள், பறக்கும் மணிகள் வாய்க்காலில் விழுந்தால் திரும்பப் பொறுக்க முடியாது.