சாஃப்ட்வேர் விளம்பரத்தில் எந்த மாதிரித் தலைப்பு எடுபடும்?

கடைக்காரர்களுக்கு ஒரு ஆப் செய்து முடித்துவிட்டேன், விளம்பரத்துக்குத் தலைப்பு மட்டும் அமைய மாட்டேன் என்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாங்குகிறவர் தன் வாயால் சொன்ன வாக்கியம்தான் தலைப்பாக நிற்கும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

எனக்கு வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பில்லிங் சாஃப்ட்வேருக்கு 'சிறு வணிகங்களுக்கான ஒருங்கிணைந்த மேலாண்மைத் தளம்' என்று தலைப்பு எழுதினேன். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் எம்.சி. ரோட்டில் நைட்டி, பாவாடை மொத்த வியாபாரம் செய்கிறார். நோட்டீஸை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "இன்னாம்மா இது, ஒண்ணும் பிரியலையே" என்றார். சரி, கடையில் உங்களுக்குப் பெரிய தொல்லை எது என்று கேட்டேன். கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே பின் அடித்த பில் கட்டுகள், கார்பன் மங்கி எழுத்தே தெரியாத ரோஸ் தாள்கள். "மாசம் பொறந்தா ஆடிட்டர் போன் பண்றாரும்மா. போன் அடிச்சாலே வயித்துல புளியைக் கரைக்குது."

ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில். மாதாமாதம் கணக்குக் காட்டுகிறவர்கள் விற்பனை விவரத்தை, அதாவது ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை, அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போட்டாக வேண்டும். முதல் வாரத்தில் அந்த போன் வருவது அதனால்தான். மறுநாள் ஆபீசில் தலைப்பை மாற்றினோம்: 'ஆடிட்டர் போன் பண்ணும் முன்னே ஜிஎஸ்டி ரிப்போர்ட் ரெடி.' அதே அண்ணனிடம் காட்டினேன். "எவ்ளோம்மா?" என்றார். என்னைப் பொறுத்தவரை, ஒருவர் விலையைக் கேட்டுவிட்டால் அந்தத் தலைப்பு தேறிவிட்டது.

அதே ரோட்டில் பிளாட்பாரத்தில் நின்று "எது எடுத்தாலும் நூறு ரூபா" என்று கூவுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? துணியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். துணிதான் கண்ணெதிரே குவிந்து கிடக்கிறதே, தொட்டுப் பார்க்கலாம். நமக்குத் தெரியாதது விலை மட்டும்தான், அதை மட்டும் சொல்கிறார். சாஃப்ட்வேரைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. அதனால் கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒன்றைத் தலைப்பே கொண்டுவந்து வைக்க வேண்டும்: அந்த மஞ்சப்பை, ஆடிட்டர் போன், ராத்திரி கல்லா மூடும் நேரம். 2001-இல் பாட்டு கேட்கும் கருவியான ஐபாட் வந்தபோது ஆப்பிள் 5 ஜிபி கொள்ளளவு என்பதைப் பின்னால் தள்ளிவிட்டு, '1,000 பாட்டு உங்கள் பாக்கெட்டில்' என்றுதான் விற்றது.

விளம்பர எழுத்தில் பேர்போன டேவிட் ஓகில்வி 1958-இல் ரோல்ஸ் ராய்ஸுக்கு எழுதிய தலைப்பும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மணிக்கு 60 மைல் வேகத்தில் இந்தக் காரில் கேட்கிற பெரிய சத்தமே மின்கடிகாரத்தின் சத்தம்தான் என்று வரும். அந்த வரி அவருக்குத் தோன்றியதுகூட இல்லை. மோட்டார் பத்திரிகை ஒன்றின் தொழில்நுட்ப ஆசிரியர் சொன்னது. விளம்பரத்திலேயே ஓகில்வி அதைக் குறிப்பிட்டும் இருந்தார்.

ஆனால் தலைப்பில் சொன்னதை ஆப் செய்து காட்ட வேண்டும். நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் '5 நிமிஷத்தில் பில்லிங் ஆரம்பிக்கலாம்' என்று போட்டோம். எழுதியது நான்தான். கிளிக் கொட்டியது. மூலக்கடையிலிருந்து ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் வாங்கினார். ஸ்க்ரூ, போல்ட், பிவிசி எல்போ என்று சைஸ் வாரியாக ஐட்டம் ஏற்றவே அவருக்கு முழுசாக இரண்டு நாள் ஆனது. "அஞ்சு நிமிஷம்னு போட்டீங்களேம்மா, ரெண்டு நாளா வியாபாரத்தை உட்டுட்டு உக்காந்துகினு இருக்கேன்" என்று போனில் அவர் சொன்னபோது, எடுத்த பெண்ணிடம் பதிலே இல்லை. பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரமே 'ஐட்டம் லிஸ்ட்டைக் கொடுங்கள், நாங்களே ஏற்றித் தருகிறோம்' என்று தலைப்பை மாற்றி, ஏற்றித் தரவும் ஆள் போட்டோம். கிளிக் குறைந்தது. வந்தவர்கள் விட்டுப் போகவில்லை.

கூகுளில் 'ஜிஎஸ்டி பில்லிங் சாஃப்ட்வேர்' என்று தேடியே வருகிறவருக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டாம். அவர் தேடிய பெயர், விலை, அவ்வளவு போதும். கூகுள் தேடல் விளம்பரத்தில் ஒரு தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம். கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கிற யூனிகோட் முறையில் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடு என்பதையும் நினைவில் வையுங்கள். 'பில்லிங்' பார்க்க நாலெழுத்து, குறியீடாக எண்ணினால் எட்டு. 'அடுத்த தலைமுறை', 'புரட்சிகரமான' மாதிரி வார்த்தைகளை முதலில் தூக்கிவிடுங்கள், இடம் தானாகக் கிடைக்கும்.

இப்போதும் புதுத் தலைப்பு எழுதினால், காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் எம்.சி. ரோட்டுக்குப் போய்விடுவேன். போனில் காட்டி, "இது இன்னா விக்குதுண்ணா?" என்று மட்டும் கேட்பேன். "நல்லா எழுதிகிறம்மா" என்று பாராட்டினால் அந்த வரியை அடித்துவிடுவேன். "நம்ம கடைக்கு ஒத்துவருமா இது?" என்று கேட்டால் அன்றைக்கே விளம்பரத்தில் ஏற்றிவிடுவேன்.